அறிவுரை மணி

பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவருக்கு வாய் அதிகம் தேவைப்படாது. காஸ் சிலிண்டர், கொஞ்சம் செப்புக் குழாய், இரண்டு ஸ்பேனர், மிச்சத்துக்குப் பொறுமை. ஆனால் நம் மெக்கானிக்கைப் படைத்தவன் வேலை செய்யும் அளவுக்குக் கையைக் கொடுத்துவிட்டு, மீதியிருந்ததையெல்லாம் வாயில் வைத்து அனுப்பிவிட்டான். கதவு ரப்பர் கிழிந்துபோன பிரிட்ஜைக் கொண்டுவந்தவர்கள், மகனை என்ன படிக்கவைப்பது, மாமியாரிடம் எந்தக் குரலில் பேசுவது, எந்தப் பக்கம் புரண்டு படுத்தால் முதுகு வலிக்காது என்பதையெல்லாம் இலவசமாகத் தெரிந்துகொண்டு போனார்கள். ரப்பரைத்தான் அடுத்த வாரம் வந்து வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. தெருவில் அவருக்கு வைத்த பெயர் கம்ப்ரசர். ஓட ஆரம்பித்தால் தானாக நிற்காது.

கடைக்குப் பின்னால்தான் வீடு. அதனால் மனைவிக்கு இரண்டு வேளையும் தப்பிக்க வழியில்லை. ஒருநாள் அவள் மிக்ஸியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் சில்லறையா சொல்ற புத்தியை, ஏதாவது ஒரு இடத்துல போய் மொத்தமா கொட்டிட்டு வரக்கூடாதா? பஸ் ஸ்டாப்புல ஒரு போஸ்டர் ஒட்டியிருக்காங்க, போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தார். 'இளைஞர்கள் உங்களைத் தேடுகிறார்கள். தன்னார்வ வழிகாட்டியாக வாருங்கள்' என்று இளைஞர் வழிகாட்டு மன்றம் அழைத்திருந்தது. மெக்கானிக் போஸ்டரை இன்னொரு தடவை படித்தார். இதுநாள் வரை, ஐஸ் உருகித் தரையெல்லாம் தண்ணீராகிப் போனவர்கள் தவிர அவரை யாரும் தேடியதில்லை.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தபோது எதிர்த் தையல்கடைக்காரியின் மகள் தெருவைத் தாண்டி ஓடிவந்தாள். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு, அம்மாவின் தையல் மெஷினை மூன்று முறை பிரித்து இரண்டு முறை சரியாகப் பூட்டியவள்.

"மாமா, எனக்கு இந்த பிரிட்ஜ் வேலையைக் கத்துக் குடுங்களேன்."

"அப்புறம் பாக்கலாம்மா. இப்ப நேரமே இல்ல. இளைஞர்களுக்கு உதவி பண்ணப் போயிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஷட்டரைப் பூட்டி வண்டியைக் கிளப்பினார்.

*

மன்றம் ஒரு மாடியறை. நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சுவரில் 'நம்பிக்கை', 'மலர்ச்சி', 'பயணம்' என்று வண்ணத் தாள்கள். மெக்கானிக் சுற்றுமுற்றும் பார்த்தார். அந்த அறையிலேயே குறைந்த வயது அவருக்குத்தான். அவருக்கே தலை நரைத்து வெகு காலமாகிறது. பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், யாராவது வாயைத் திறந்தால் உள்ளே எட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

மன்றத்தின் இயக்குநர் அம்மாள் எதிரில் மைக் இல்லாவிட்டாலும் இருப்பதாக நினைத்துப் பேசுகிறவர்.

"பசங்க எல்லாம் எங்க மேடம்?" என்று மெக்கானிக் கேட்டார்.

"அவசரப்படாதீங்க சார். இளைஞர்கள்ங்கிறவங்க ரொம்ப மென்மையானவங்க. பயிற்சி இல்லாத ஒருத்தர் கையில அவங்களை ஒப்படைச்சா என்ன ஆகும்? இந்த மன்றம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எங்களால ஒரு இளைஞருக்குக்கூட எந்தப் பாதிப்பும் வந்ததில்ல. பெருமையாவே சொல்வேன்."

"இதுவரைக்கும் எவ்வளவு பேர் வந்திருக்காங்க?"

"யாருமே வரலை. அதுதான் எங்க பாதுகாப்பு முறையோட வெற்றி."

எல்லோரும் கைதட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டினார் என்றுதான் சொல்லவேண்டும்.

அதன்பிறகு மன்றத்தின் தலையாய கொள்கை விளக்கப்பட்டது. வழிகாட்டி என்பவர் வழியைக் காட்டக்கூடாது. அறிவுரை சொல்லக்கூடாது, பதில் சொல்லக்கூடாது, கேள்விதான் கேட்கவேண்டும். அதுவும் ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் முடிந்துவிடாத திறந்த கேள்வியாக இருக்கவேண்டும். நடுவில் முக்காலி மேல் ஒரு பித்தளை மணி இருந்தது. ஓட்டல் மேசையில் உள்ளங்கையால் தட்டிக் கூப்பிடுகிற வகை. யார் வாயிலிருந்து அறிவுரை விழுந்தாலும் அந்த மணி தட்டப்படும்.

பயிற்சிக்காகப் பல் டாக்டர் பதினாறு வயதுப் பையனாக நியமிக்கப்பட்டார்.

"எனக்கு ஸ்கூலுக்குப் போகப் பிடிக்கலை" என்றார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. நன்றாகவே நடித்தார்.

"போகாம வேற என்னடா பண்ணப்போற? மொதல்ல காலையில சீக்கிரம் எழுந்திரு" என்றார் மெக்கானிக்.

டிங்.

"சரி, எழுந்திருக்க வேணாம்."

டிங்.

"அதுவும் அறிவுரைதான் சார்" என்றார் இயக்குநர்.

"அப்ப அவன் எழுந்திருக்கலாமா, கூடாதா?"

"அது கேள்விதான். ஆனா மூடின கேள்வி." டிங்.

அத்தனை தட்டு வாங்கியதில் அன்று மாலை மணியின் அடியில் புதிய ரப்பர் புஷ் போடவேண்டியிருந்தது. மெக்கானிக்கே போட்டுக் கொடுத்தார்.

இத்தோடு அவர் வீட்டைப் பார்க்கத் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் மன்றத்தில் பேட்ஜ் கொடுத்தார்கள். முதலில் வெள்ளை, பிறகு மஞ்சள், கடைசியில் பச்சை. பச்சை வாங்கியவர்தான் இளைஞரைக் கண்ணால் பார்க்கலாம். மெக்கானிக் தம் வாழ்நாளில் வாங்கிய ஒரே பரிசு பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் கிடைத்தது. அதுவும் முன்னால் ஓடிய பையன்கள் எல்லோரும் பக்கத்துக் கோட்டுக்குள் ஓடி நீக்கப்பட்டதால் வந்தது. வெள்ளை பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றபோது, ஓடாமலே ஜெயித்துவிட்டதாக அவருக்கு நெஞ்சு விரிந்தது.

அதனால் வெறியோடு பயிற்சி செய்தார். கடைக்கு வந்தவர்கள்மேலும் செய்தார்.

"பிரிட்ஜுல வைக்கிற பால் கெட்டுப்போயிடுதுங்க" என்றார் ஒருவர்.

"பால் கெட்டுப்போறப்ப உங்க மனசுல என்ன ஓடுது?"

அவர் மெக்கானிக்கையும் சட்டையிலிருந்த பேட்ஜையும் கொஞ்ச நேரம் பார்த்தார். "அடுத்த தெரு மெக்கானிக் கடையைத் திறந்திருப்பாரான்னு ஓடுது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மனைவிக்கு முதல் வாரம் சொர்க்கமாக இருந்தது. வீடே அமைதி. இரண்டாவது வாரம் ஒருநாள் குழம்பைப் பரிமாறிவிட்டு, "உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"உப்பைப் பத்தி நீ என்ன நினைக்கிற?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்க பழையபடி பேசியே என்னைக் கொன்னிருக்கலாம்" என்றாள்.

*

பச்சை பேட்ஜ் வந்த மறுநாள் தையல்கடைப் பெண் மறுபடியும் வந்தாள். இந்த முறை மூச்சிரைக்க வந்தாள்.

"மாமா, பால் கம்பெனில குளிர் ரூமைப் பாத்துக்க ஆள் எடுக்கறாங்க. மாசக் கடைசியில டெஸ்ட். ரெண்டு செப்புக் குழாயைப் பத்தவைச்சு ஒட்டணும். காத்தை அடைச்சுத் தண்ணியில அமுக்குவாங்க, ஒரு குமிழி வந்தாக்கூட வெளியில அனுப்பிடுவாங்க. அம்மாவுக்கு இப்பல்லாம் ஊசிக் கண்ணே தெரியறதில்ல மாமா. இந்த வேலை எனக்குக் கிடைச்சே ஆகணும்."

மெக்கானிக் பேட்ஜைத் தடவிக்கொண்டார். "இதைப் பத்தி உனக்கு என்ன தோணுது?"

"கத்துக்கணும்னு தோணுது."

"கத்துக்கணும்னு தோணறப்ப எப்படி இருக்கு?"

"அவசரமா இருக்கு."

"அந்த அவசரம் எங்கேருந்து வருது?"

"மாசக் கடைசியிலேருந்து!" என்று கத்தியேவிட்டாள் பெண்.

அடுத்தடுத்து மூன்று திறந்த கேள்விகள், ஒரு டிங்கூட இல்லை. மெக்கானிக்குக்குப் பெருமை தாங்கவில்லை. "இப்படி ரோட்டுல நின்னு கேக்கறதெல்லாம் சரியில்லம்மா. முறைப்படி மன்றத்துக்கு வா. அங்க நான் உனக்கு வழிகாட்டியா இருப்பேன்" என்றார். வேறு போக்கிடம் இல்லாத பெண் மன்றத்துக்குப் போனாள்.

மன்றத்தில் திருவிழாக் கூட்டம்போல ஆகிவிட்டது. ஓர் இளைஞர், உயிரோடு, தானே நடந்து வந்திருக்கிறார்! இயக்குநர் அவளை 'நம்பிக்கை' தாளுக்குக் கீழே நிறுத்தி ஒரு படம், 'மலர்ச்சி'க்குக் கீழே ஒரு படம் எடுத்தார். வழிகாட்டிகள் ஒவ்வொருவராக வந்து அவளிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். எது என்று யாரும் சொல்லவில்லை.

"எனக்கு பிரிட்ஜ் மாமாவே வழிகாட்டியா இருக்கட்டும்" என்றாள் அவள்.

இயக்குநர் குழந்தையிடம் சிரிப்பதுபோலச் சிரித்தார். "இங்கதாம்மா எங்க முறை மத்தவங்ககிட்டேருந்து மாறுபடுது. உனக்கு அவரைத் தெரியும். அவருக்கு அந்த வேலை தெரியும். அப்ப அறிவுரை வராம இருக்குமா? உன்னைத் தெரியாத, உன் துறையைப் பத்தி எதுவுமே தெரியாத ஒருத்தர்தான் உனக்குச் சரியான வழிகாட்டி."

அந்தத் தகுதிகள் முழுமையாகப் பல் டாக்டருக்கு இருந்தன. மெக்கானிக்குக்குக் கொடுக்க வேறு இளைஞர் இல்லை. முகம் வாடிய அவருக்கு 'மணிப் பொறுப்பாளர்' என்ற பதவி புதிதாக உண்டாக்கப்பட்டது. சந்திப்பு நடக்கும்போது பின்னால் உட்கார்ந்து, தேவைப்பட்டால் மணியைத் தட்டவேண்டும். பேட்ஜுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன பேட்ஜும் கிடைத்தது. வாட்டம் உடனே போய்விட்டது என்பதை மறைக்க முடியாது.

*

"உன்னோட கனவு என்ன?" என்று தொடங்கினார் பல் டாக்டர்.

"ரெண்டு குழாயை ஒட்டறது."

"அதுக்கும் அப்பால?"

"மூணாவது குழாய்."

டாக்டர் யோசித்தார். "குழாய்ங்கிறது உனக்கு எதை ஞாபகப்படுத்துது?"

"குழாயைத்தான் டாக்டர். நான் வீட்டுல ஒட்டிப் பாத்தேன். ஒட்டுற கம்பி உருண்டை உருண்டையா உருகிக் கீழ விழுது, குழாய்ல பிடிக்கவே மாட்டேங்குது. ஏன் அப்படி?"

டாக்டருக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லக்கூடாது. அவர் திரும்பி மெக்கானிக்கைப் பார்த்தார். பெண்ணும் பார்த்தாள். மெக்கானிக் தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், 'பயணம்' என்ற தாளைப் பார்த்தார். வாய்க்குள் பதில் கொதித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம்தான் மூடிவைப்பது?

"கம்பியைச் சூடாக்காத, குழாயைச் சூடாக்கு! குழாய் செவந்தா கம்பி தானா உருகி உள்ள ஓடும்!"

சொன்ன மூச்சிலேயே மணியைத் தட்டினார். டிங்.

விதிப்படி எல்லாம் சரியாக நடந்திருந்தது. அறிவுரை விழுந்தது, மணி அடித்தது. அறிவுரை சொன்னவரும் மணி அடித்தவரும் ஒருவராக இருக்கக்கூடாது என்று விதியில் எதுவும் இல்லை. பெண்ணின் முகத்தில் சிரிப்பு வந்தது.

"குழாய் அழுக்கா இருந்தா?" என்றாள், டாக்டரைப் பார்த்து.

"உப்புத்தாள் வச்சு நல்லாத் தேய்." டிங்.

"ஓட்டை இருக்கான்னு எப்படிப் பாக்கறது?"

"சோப்புத் தண்ணியைத் தடவு." டிங்.

அந்தச் சந்திப்பில் மணி அடித்த அளவு மன்றத்தின் வரலாற்றில் அடித்ததில்லை. மணிப் பொறுப்பாளர் இவ்வளவு கடமையுணர்ச்சியோடு இருக்கிறாரே என்று அடுத்த அறையிலிருந்த இயக்குநர் மகிழ்ந்தார்.

ஆனால் வாயால் சொல்லிக் குழாய் ஒட்ட முடியாது. கையில் பிடித்துச் செய்யவேண்டும். அன்றிலிருந்து சாயங்காலங்களில் மெக்கானிக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கள்ளநோட்டு அடிக்கிறவர்களைப்போல இரண்டு பேரும் உள்ளே குனிந்து உட்கார்ந்தார்கள். வாசலில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டு காவலிருந்தாள். மன்றத்து ஆட்கள் யாராவது தெருவில் வந்தால் அவள் இருமவேண்டும். பெண் முதலில் குழாயில் ஓட்டை போட்டாள். பிறகு கை விரலைச் சுட்டுக்கொண்டாள். பிறகு ஒருநாள் ஒட்டிய குழாயை வாளித் தண்ணீரில் அமுக்கியபோது ஒரு குமிழிதான் வந்தது. அந்த ஒற்றைக் குமிழியைப் பார்த்து மெக்கானிக்குக்குக் கண் கலங்கியது. இத்தனை பயிற்சியில் அவருக்கு வராத சந்தோஷம் அது.

பெண்ணின் விரலிலிருந்த சூட்டுக் கொப்புளத்தைப் பார்த்து இயக்குநர் கண்டுபிடித்துவிட்டார்.

*

விசாரணைக்கு நாள் குறித்தார்கள். டெஸ்ட் நடக்கும் அதே காலை. சாட்சியாகப் பெண் கட்டாயம் வரவேண்டும்.

"எனக்கு அன்னைக்கு டெஸ்ட் மேடம்" என்றாள்.

"டெஸ்ட் இன்னொரு தடவை வரும்மா. உன் நலனைப் பத்தின விசாரணை இன்னொரு தடவை வருமா?" என்றார் இயக்குநர்.

அன்று மாலை அவள் கடைக்கு வந்தாள். "நான் வந்து உங்களுக்காகப் பேசலேன்னா பேட்ஜைப் பிடுங்கிடுவாங்களாம் மாமா. நான் வரேன். உள்ள போனதும் பேசிட்டுச் சீக்கிரமா டெஸ்டுக்கு ஓடிடறேன்."

மெக்கானிக் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஊரில் கேட்காதவர்களுக்கெல்லாம் அறிவுரை சொன்ன வாய், சொல்லவேண்டிய அந்த ஒரே இடத்தில் திறக்கவில்லை. பச்சை பேட்ஜ் அவ்வளவு அழகாக இருந்தது. "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்" என்றார். உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மனைவி அன்று அவர் சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

விசாரணையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மணிப் பொறுப்பாளரை யாரும் நீக்காததால் மணி அவர் மடியிலேயே இருந்தது.

"உதவி செய்றது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்று இயக்குநர் இல்லாத மைக்கில் தொடங்கினார். "தெருவில போற யார் வேணும்னாலும் செய்வாங்க. முறைப்படி உதவாம இருக்கிறதுக்குத்தான் பயிற்சி தேவைப்படுது. எல்லாரும் இப்படி அவங்கவங்க கடையில உக்காந்து இளைஞர்களுக்குச் சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சிட்டா, இந்த மன்றம் எதுக்கு? நான் எதுக்கு?"

பதில் சொல்வது விதிக்கு விரோதம் என்பதால் எல்லோரும் தலையை மட்டும் ஆட்டினார்கள்.

பிறகு பெண்ணை விசாரித்தார்கள். குழாயைச் சூடாக்கியபோது உன் மனம் எப்படி இருந்தது? கொப்புளம் உனக்கு என்ன கற்றுக்கொடுத்தது? அவள் பதில் சொல்லிக்கொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கப் பார்த்தாள், அடுத்த கேள்வி வந்தது. உட்கார்ந்தாள். கால் மட்டும் தரையில் ஆடிக்கொண்டேயிருந்தது. தமக்காக இந்தப் பெண் தன் வேலையைக் கோட்டைவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது மெக்கானிக்கின் மண்டையில் அப்போதுதான் ஏறியது. ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்காக! அவருக்குத் தம்மைத் தாமே அறையவேண்டும்போல வெட்கமாக இருந்தது.

"எழுந்திரு" என்றார். டிங். "கிளம்பு." டிங். "இந்தா என் வண்டிச் சாவி. மெதுவாவே போ, நேரமிருக்கு. குழாயைச் சூடாக்கு, கம்பியை இல்ல. கை நடுங்கினா மூச்சை இழுத்து விட்டுட்டு அப்புறமா ஆரம்பி." டிங், டிங், டிங், டிங்.

பெண் சாவியைப் பிடுங்கிக்கொண்டு மாடிப்படியில் இறங்கி ஓடினாள்.

இயக்குநர் எழுந்து நின்றார். "நீங்க இப்பவே இந்த மன்றத்தை விட்டு வெளியே போயிடணும்!"

டிங்.

பழக்க தோஷத்தில் மெக்கானிக்கின் கை தானாகத் தட்டிவிட்டது. எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். பல் டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "மேடம், அது அறிவுரை."

"அறிவுரை இல்ல, உத்தரவு!"

"உத்தரவு அறிவுரையைவிட மோசம்னு மஞ்சள் பேட்ஜ் வகுப்புல நீங்கதானே சொன்னீங்க?"

இயக்குநர் உட்கார்ந்தார். தாம் எழுதிய விதியைத் தாமே மீறுகிற ரகம் இல்லை அவர். அந்த அளவில் நேர்மையானவர். "சரி. இந்த மன்றத்துல தொடர்றதைப் பத்தி உங்களுக்கு என்ன தோணுது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"தொடரலாம்னு தோணுது."

"தொடராம இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சதுண்டா?"

"இல்லைங்க. நீங்க யோசிச்சதுண்டா?"

சாப்பாட்டு வேளை வரை இப்படியே போனது. ஒருவரை விலக்கவேண்டுமானால் யாராவது விலகு என்று சொல்லியாகவேண்டும். அதைச் சொல்ல அங்கே யாருக்கும் அனுமதியில்லை. கடைசியில் மெக்கானிக்குக்குப் பசித்தது. மணியை முக்காலியில் வைத்து, பேட்ஜ் இரண்டையும் கழற்றி அதன் பக்கத்தில் வைத்துவிட்டுத் தாமாகவே கிளம்பினார்.

இதைப் பெரிய தியாகமாக நினைத்துவிடக் கூடாது. பாதிப் படி இறங்கியதும் நின்றார். பச்சையை மட்டும் போய் எடுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று வெகு நேரம் யோசித்தார். மேலே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டதால்தான் மேற்கொண்டு இறங்கினார். வண்டி இல்லாமல் வெயிலில் வீடுவரை நடந்தார்.

*

தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை. பெண்ணுக்கு வேலை கிடைத்தது.

கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாப்பில் புதிய போஸ்டர் ஒட்டினார்கள். 'மலர்ச்சி'க்குக் கீழே நின்ற அவள் படம், பக்கத்தில் அவளுடைய வழிகாட்டி என்று பல் டாக்டர் படம். இரண்டு பேரின் பல்லும் பளிச்சென்று இருந்தது. மெக்கானிக் காய் வாங்கப் போகும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் நடந்தார். மன்றம் அவளைக் கூப்பிட்டுப் பாராட்டி, அவளையும் வழிகாட்டியாக்கி, நினைவுப் பரிசும் கொடுத்து அனுப்பியதாகக் கேள்விப்பட்டபோது அவருக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் அவள் கம்பெனிச் சட்டையோடு கடைக்கு வந்தாள்.

"மாமா, குளிர் ரூம்ல கதவோரமா மட்டும் ஐஸ் கட்டுது. எதனால?"

"கதவு ரப்பர் போயிருக்கும். மாத்திடு" என்றார் மெக்கானிக். அதோடு விடை முடிந்தது. ஆனால் அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அது இருக்கட்டும், மேலதிகாரிகிட்ட எப்பவும் நின்னு பேசாத, உக்காந்து பேசு. சம்பளத்தை மொத்தமா அம்மாகிட்ட குடுத்துடாத. ராத்திரி ஷிப்டுன்னா சாயங்காலமே தூங்கிடணும். அப்புறம் இந்த முடியை இப்படி விரிச்சு விட்டுக்கிட்டு மோட்டார் பக்கத்துல..."

பெண் பைக்குள் கையை விட்டாள். பித்தளை மணியை எடுத்து, ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்தாள். அதை மறுபடி பார்க்க இயக்குநருக்கு விருப்பமில்லாததால் அதையே அவளுக்கு நினைவுப் பரிசாகக் கொடுத்திருந்தார்கள்.

டிங்.

"நான் கேட்டது ஐஸைப் பத்தி மட்டும்தான் மாமா" என்றாள்.

உள்ளே மிக்ஸி நின்றது. மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். மணியைப் பார்த்தாள், வாயைத் திறந்தபடி நின்ற கணவரைப் பார்த்தாள்.

"அதை இங்கயே விட்டுட்டுப் போயேன் கண்ணு" என்றாள்.

பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். பிறத்தியார் பொருளை அப்படிக் கேட்டு வாங்கக்கூடாது என்று விளக்க மெக்கானிக் தொண்டையைச் செருமினார். மனைவி உள்ளங்கையை மணிக்கு மேலே கொண்டுபோனாள். அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பிரிட்ஜுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்.